நாகையா, காரைக்காலா? முன்பணம் கொடுக்கும் முன்

குவைத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 43 வயது, கணவருக்கு 51. பதினெட்டு வருடக் குவைத் வாழ்க்கையை முடித்துக்கொண்டு வருகிற ஜூனில் ஊர் திரும்புகிறார்கள். கணவருக்கு மன்னார்குடிப் பக்கம், அவருக்குக் கீழ்வேளூர். ஒரே மகள், எட்டாம் வகுப்பு முடிக்கிறாள், டாக்டராக வேண்டும் என்கிறாள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த 76 வயது மாமியாரும் இனி இவர்களோடுதான். இரண்டு வீடுகள் பார்த்திருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் ஒரு பழைய ஓட்டு வீடு, 38 லட்சம், அக்கா வீடு கூப்பிடு தூரம். காரைக்காலில் கடலிலிருந்து 250 மீட்டரில் ஒரு மாடி வீடு, 46 லட்சம். அதன் உரிமையாளர் பிரான்ஸில் இருக்கிறார். அவருடைய மச்சான் பவர் வைத்து விற்கிறார்.

"என் வீட்டுக்காரருக்குக் காரைக்கால்தான் பிடித்திருக்கிறது. புதுச்சேரி கோட்டாவில் மகளுக்கு சீட், அம்மாவுக்கு ஜிப்மர், 50 லட்சத்துக்குள் என்பதால் வரிப் பிடித்தம் கிடையாது, மேலே இன்னொரு மாடி எடுக்கலாம் என்கிறார். எனக்கு நாகை. ஆனால் புயலை நினைத்தால் பயமாக இருக்கிறது. பணத்தில் பாதிக்கு மேல் என் நகை விற்ற காசு. பத்திரம் அவர் பெயரில் என்று முடிவாகிவிட்டது. பெண் பெயரில் போட்டால் கட்டணம் குறைவு என்கிறார்களே? அக்கா வீட்டுக்காரர் அக்கரைப்பேட்டைப் பக்கம் கடலோரத்தில் மலிவாக மனை இருக்கிறது என்கிறார். எந்த ஊர் நல்லது, நீங்களே சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் ஊரைக் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு எனக்கு ஊரைப் பற்றிப் பெரிய கவலை இல்லை, அந்த இரண்டு வீடுகளைப் பற்றித்தான் கவலை. இரண்டுக்கும் இப்போதைக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நாகையிலிருந்து காரைக்கால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். நாகூரைத் தாண்டி வாஞ்சூருக்குள் நுழைந்ததும் மதுக்கடை போர்டுகள் வரிசையாக ஆரம்பிக்கும். எல்லை தாண்டிவிட்டோம் என்பதற்கு அதைவிட்டால் பெரிய அடையாளம் கிடையாது. பேச்சு, மீன், வெயில் எல்லாம் ஒன்றுதான். ஆனால் இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசம். ரோட்டில் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோடு உங்கள் மகளின் சான்றிதழில் நன்றாகத் தெரியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மகளின் சீட்

ஜிப்மரில் புதுச்சேரிவாசிகளுக்கு உள் ஒதுக்கீடு இருப்பது உண்மை. புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான செண்டாக் மூலம் நிரப்பும் இடங்களும் உண்டு. ஆனால் காரைக்காலில் வீடு வாங்கிய மறுநாளே புதுச்சேரிக்காரர் ஆகிவிட முடியாது. வெளியிலிருந்து குடிபெயர்ந்து வருகிறவர்களிடம் பொதுவாக ஐந்து வருடத் தொடர் குடியிருப்பைக் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூனில் வந்து ஒன்பதாம் வகுப்பில் சேருகிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நீட் எழுதும்போது நான்கு வருடம்கூட முழுதாக ஆகியிருக்காது. உங்கள் கணவர் எதற்காகக் காரைக்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரோ, அந்தக் காரணமே நிற்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களிடம் இருப்பது தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். ஒரு மாநிலத்தின் சாதிச் சான்றிதழைப் பிழைப்புக்காகக் குடிபெயர்ந்த இன்னொரு மாநிலத்தில் காட்டி இட ஒதுக்கீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-லேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் சான்றிதழைப் பற்றியது என்றாலும், பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்ற அதே தர்க்கம் உங்களுக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்த பிள்ளைகளுக்குச் சிக்கல் இல்லை. உங்கள் மகள் அதில் மூன்று வருடம் குவைத்தில் படித்துவிட்டாள். ஆகவே பெற்றோரின் பிறப்பு, படிப்பு ஆவணங்களைக் காட்டி, தமிழ்நாட்டுக்காரி என்பதற்கான நேட்டிவிட்டி சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். கணவர், மனைவி இருவருமே தஞ்சை டெல்டாக்காரர்கள் என்பதால் உங்களிடம் அந்த ஆவணங்கள் இருக்கும். பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழ்களை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை யாராவது நினைவூட்டினால், ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதால் அது இவளுக்குக் கிடையாது.

"ரெண்டு பக்கமும் சான்றிதழ் வாங்கி வெச்சுக்கலாம், எது கிடைக்குதோ அது" என்று யாரேனும் ஐடியா கொடுப்பார்கள். கொடுக்காமல் இருக்க மாட்டார்கள். காதில் வாங்காதீர்கள். பொய் உறுதிமொழி கொடுத்துச் சேர்ந்த சீட், படிக்கும்போதே பறிபோகலாம்.

ஓட்டு வீடு: அடிமனை யாருடையது?

நாகை வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரி உறுத்தியது. "பட்டா பிறகு வாங்கிக்கொள்ளலாம், வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் அவர் பெயரில்தான் இருக்கிறது" என்று விற்பவர் சொன்னாராம். வீட்டு வரி ரசீது வரி கட்டியதற்குத்தான் சாட்சி, உரிமைக்குச் சாட்சியாகாது.

டெல்டாவின் கோயில் நகரங்களில் கோயிலை ஒட்டிய தெருக்களில் பல வீடுகளுக்கு அடிமனை கோயிலுடையது, மேல்கட்டடம் மட்டும்தான் குடியிருப்பவருடையது. இப்படி ஒரு வீட்டை வாங்கிய ஒருவர் சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தார். பத்திரம் பக்காவாகப் பதிவாகியிருந்தது, வில்லங்கச் சான்றிலும் ஒன்றுமில்லை. குடியேறிய பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே மடித்து மடித்து வைத்த மனை வாடகை ரசீதுகள், 1970-களில் இருந்து. அப்புறம்தான் பத்திரத்தைத் திருப்பிப் படித்தோம். சொத்து விவரத்தில் "மேற்படி மனையில் உள்ள கட்டடமும் அதன் அனுபவ பாத்தியமும்" என்று இருந்தது. மனையை விற்பதாக ஒரு இடத்திலும் இல்லை. எழுதியவர் பொய் எழுதவில்லை, வாங்கியவர்தான் படிக்கவில்லை.

இந்து சமய அறநிலையச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்கவோ ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. அப்படி நடந்தால் செல்லாது. ஆக்கிரமிப்பு என்று முடிவானால் 78-ஆம் பிரிவில் வெளியேற்ற முடியும். நாகூர் பக்கம் பார்க்கிறீர்கள் என்றால் இதே கேள்வியை வக்ஃப் சொத்தா என்றும் கேட்க வேண்டும்.

ஆகவே அந்த வீட்டுக்கு நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் வேண்டும். அதில் உரிமையாளர் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். விற்பவர் பெயரோ அவர் முன்னோர் பெயரோ இருந்தால் மேலே பேசலாம். சாமி பெயர் இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

செலவுக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 38 லட்சத்துக்கு 3 லட்சத்து 42 ஆயிரம். பெண் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறைவு என்பது 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான், உங்களுக்குக் கிடைக்காது.

பிரான்ஸ் ஓனரின் வீடு

காரைக்கால் வீட்டில் சிக்கல் வேறு மாதிரி. பவர் பத்திரம் கெட்டது என்று சொல்லமாட்டேன். வெளிநாட்டில் இருப்பவர் வேறு எப்படி விற்பார்? ஆனால் அந்த ஒரு காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பிரான்ஸில் எழுதிக் கொடுத்த பவர் என்றால் அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். அதில் விற்கும் அதிகாரம் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் இறந்தால் சாதாரணப் பவரும் அவரோடு போய்விடும். சங்கடப்படாமல் வாட்ஸப் வீடியோவில் அவரோடு ஒருமுறை பேசிவிடுங்கள். பணத்தை அவருடைய வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். மச்சான் கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம்.

வரிப் பிடித்தம் பற்றி உங்கள் கணவர் பாதி சரி. இந்தியாவில் வசிப்பவரிடம் வாங்கினால்தான் 50 லட்சம் என்ற வரம்பு. விற்பவர் வெளிநாடுவாழ் நபர் என்றால் அந்த வரம்பே கிடையாது. வாங்குகிறவர்தான் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். பிடிக்காமல் விட்டால் வருமான வரித் துறை பாரிஸுக்குப் போகாது, உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். பத்திரம் எழுதுமுன் ஒரு ஆடிட்டரைப் பார்ப்பது கட்டாயம்.

அது விற்பவருடைய அப்பா கட்டிய வீடு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அக்கா தங்கைகள் கையெழுத்துப் போடுகிறார்களா என்று கேளுங்கள். இதில் காரைக்காலுக்கே உரிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில், 1881-ஆம் ஆண்டு ஆணையின் கீழ், சில குடும்பங்கள் தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டன. ரெனோன்சான் என்பார்கள். புதுச்சேரியில் இந்து வாரிசுரிமைச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சு முறையில் பிள்ளைகளுக்கென்று ஒதுங்கிய பங்கை அப்பா உயில் எழுதிக்கூடத் தொட முடியாது. "அப்பா எனக்கே எழுதிவைத்துவிட்டார்" என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்பினால், பத்து வருடம் கழித்து லியோனிலிருந்து ஒரு தங்கை வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். இதைப் பார்க்கக் காரைக்கால் நீதிமன்றத்தில் தொழில் செய்கிற, பழைய பிரெஞ்சுப் பத்திரம் பழக்கமான வழக்கறிஞர்தான் வேண்டும். நானே பார்த்தாலும் அவர்களில் ஒருவரிடம்தான் கேட்பேன்.

மாடி எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. கடலோர ஒழுங்காற்று மண்டல விதிகள் மத்திய அரசின் அறிவிக்கை. யூனியன் பிரதேசத்துக்கும் உண்டு. கடலை ஒட்டி, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் கணக்கில் வரும். அரசலாறு மாதிரி கடல்நீர் ஏறி இறங்குகிற ஆற்றின் கரையும் அதில் சேரும். உங்கள் வீடு 250 மீட்டர். நகராட்சிக்குள், ஏற்கெனவே உள்ள சாலைக்கு நிலப்பக்கமாக இருந்தால் அனுமதி கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அனுமதி வேண்டும். இப்போது நிற்கும் மாடிக்கே அங்கீகரித்த வரைபடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கடலும் ஆஸ்பத்திரியும்

புயலுக்குப் பயந்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள், காரைக்காலும் தப்பவில்லை. 2008-இல் நிஷா காரைக்கால் பக்கம் கரை கடந்தது. 2018 நவம்பரில் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில். ஊரைவிட வீட்டின் தரைமட்டம் முக்கியம். மழை மாதத்தில் போய்ச் சுவரைப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தால், புதுப் பெயின்ட்டுக்கு அடியிலும் விரலால் தட்டினால் தெரிந்துவிடும். போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். வாங்கிய பிறகு பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி எடுத்துக்கொள்ளலாம், அதில் புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் அடங்கும்.

அக்கரைப்பேட்டை மனை வேண்டவே வேண்டாம். சுனாமிக்குப் பிறகு 2005-இல் தமிழக அரசு போட்ட ஆணைப்படி, கடலோரத்தில் 200 மீட்டருக்குள் இருந்தவர்களில் பலர் பழைய இடத்தை அரசிடம் ஒப்படைத்துவிட்டுத் தள்ளி இலவச வீடு வாங்கிக்கொண்டார்கள். அப்படி ஒப்படைத்த இடத்தையே திரும்ப விற்கிறார்களா என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும். மலிவுக்குக் காரணம் இல்லாமல் இருக்காது.

மாமியார் விஷயத்தில் கணவருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. காரைக்காலில் ஜிப்மர் இருப்பது 2016-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி வடிவில். இதயப் பிரிவெல்லாம் உள்ள பெரிய ஜிப்மர் மருத்துவமனை புதுச்சேரியில்தான், காரில் மூன்று மணி நேரம். நாகையிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; அது டவுனைவிட்டுத் தள்ளி ஒரத்தூரில். திருவாரூர் மருத்துவக் கல்லூரி பக்கம்தான், தஞ்சாவூர் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் எங்கே போவது என்பதில் நாகை கொஞ்சம் மேல். அக்கா கூப்பிடு தூரத்தில் இருப்பதையும் இதில்தான் சேர்ப்பேன்.

யார் பெயரில்?

இதைக் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருந்தீர்கள். எனக்கு இதுதான் பெரிதாகப்பட்டது. உங்கள் நகை உங்கள் சொத்து, விற்ற பணமும் அப்படித்தான். ஆனால் அந்தப் பணத்தில் கணவர் பெயருக்கு மட்டும் பத்திரம் எழுதினால், பிற்பாடு "இது என் பணம்" என்று நிரூபிப்பது குதிரைக் கொம்பு. அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் நல்லவராகவே இருந்து, உயில் எழுதாமல் உங்களுக்கும் மாமியாருக்கும் முன் போய்விட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். வீடு உங்களுக்கும் மகளுக்கும் மாமியாருக்கும் சம பங்காகும், ஆளுக்கு மூன்றில் ஒன்று. மாமியார் காலத்துக்குப் பிறகு அவர் பங்குக்கு உங்கள் மைத்துனர்களும் வருவார்கள். இதை வீட்டில் சொல்லும்போது சண்டையாக ஆக்காமல், "மகளுக்குப் பாதுகாப்பு" என்று ஆரம்பியுங்கள். இரண்டு பேர் பெயரிலும் கூட்டாக எழுதி, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைப் பத்திரத்திலேயே காட்டலாம். உங்கள் பங்குப் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே போகட்டும்.

சரி, என்னதான் செய்வது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஜூனில் நாகையில் வாடகைக்குப் போவேன். மகளை அங்கே பள்ளியில் சேர்த்து, நேட்டிவிட்டி வேலையைத் தொடங்குவேன். தமிழ்நாட்டில் இப்போது வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்று பேசுங்கள். சட்டம் சொல்லும் அளவு அதுதான், நீங்களாக ஒப்புக்கொண்டால்தான் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு முறை முழுதாகப் பெய்து முடியட்டும், அதற்குள் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நாகூர்ப் பக்கம் வீடு பார்த்தால் காற்றில் நிலக்கரித் தூசி வருகிறதா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதைப் பற்றி அங்கே பழைய புகார் உண்டு. மகள் பன்னிரண்டு முடித்த பிறகும் உங்கள் கணவருக்குக் காரைக்கால் ஆசை தீராவிட்டால் அப்போது வாங்கலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதுவரை சாயங்காலம் பஸ் ஏறிப் போய் அரசலாற்றங்கரையில் நடந்துவிட்டு வரட்டும்.

நாகை வீட்டை மட்டும் விட மனமில்லை என்றால், இந்த வாரம் அக்காவை அனுப்பி நான்கு காகிதங்கள் கேட்கச் சொல்லுங்கள்: தாய்ப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேட்டு நகல், வாரிசுச் சான்றிதழ். எந்தக் காகிதத்தின் பெயரைச் சொன்னதும் விற்பவர் "அதெல்லாம் எதுக்கும்மா" என்கிறார் என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். அதன் நகலைத்தான் முதலில் எனக்கு அனுப்ப வேண்டும்.